எடைக்கல்லா, இயந்திரமா? இடைத்தட்டுச் சுமைச் சோதனையைத் திருகோணமலையில் செய்வதற்கான தெரிவுகள்

முள்ளென்புகளுக்கு நடுவே இருக்கும் இடைத்தட்டு சுமையின் கீழ் எப்படி நடந்துகொள்கிறது என்று அளக்க விரும்பும் குழுவுக்கு முதலில் வரும் கவலை இயந்திரம்தான். திருகோணமலையில் அந்தக் கவலை கொஞ்சம் கூடுதல். கோணேசபுரியில் உள்ள கிழக்குப் பல்கலைக்கழகத்தின் திருகோணமலை வளாகத்தில் பிரயோக விஞ்ஞானம் உண்டு, சித்த மருத்துவம் உண்டு, பொறியியல் பீடம் இல்லை. சுழற்சிச் சுமை கொடுக்கும், அதாவது திரும்பத் திரும்ப ஏற்றி இறக்கும் இயந்திரம் வேண்டுமென்றால் பேராதனையிலோ மொறட்டுவையிலோ, கிளிநொச்சியில் இருக்கும் யாழ்ப்பாணப் பல்கலைக்கழகப் பொறியியல் பீடத்திலோ கேட்டுப் பார்க்க வேண்டும். இந்த இடத்திலேயே பலர் தலைப்பை மாற்றிவிடுகிறார்கள். அதற்கு அவசியமே இல்லை.

இடைத்தட்டு நீரால் ஆன உறுப்பு. நடுவில் கூழ், அதைச் சுற்றி 15 முதல் 25 அடுக்கு வரை நார்வளையம், மேலும் கீழும் குருத்தெலும்பு முனைத்தட்டு. நார்கள் ஓர் அடுக்கில் ஒரு பக்கமாகவும் அடுத்த அடுக்கில் எதிர்ப்பக்கமாகவும், கிடைக்கு ஏறத்தாழ 30 பாகை சாய்ந்து ஓடுகின்றன. நடுக்கூழில் உள்ள புரதச்சர்க்கரை மூலக்கூறுகள் எதிர்மின்னேற்றம் கொண்டவை. அவை உப்பு அயன்களைப் பிடித்து வைத்திருப்பதால் வெளியிலிருந்து நீர் உள்ளே இழுபடுகிறது. சுமை வைத்தால் அந்த நீர் மணிக்கணக்கில் மெல்லக் கசிகிறது, சுமை குறைந்தால் மெல்லத் திரும்புகிறது. காலையில் எழும்பும்போது இருக்கும் உயரம் மாலையில் ஒரு சதவீதம் அளவில் குறைவதற்கு இதுவே முக்கிய காரணம். ஆகவே எந்தச் சாதனம் என்று கேட்பதற்கு முன் எந்த நேர அளவு என்று கேட்க வேண்டும். கேள்வி மணிக்கணக்கில் நடப்பதைப் பற்றியதானால், நெம்புகோலும் எடையும் போதும். சில விடயங்களில் அவை விலையுயர்ந்த இயந்திரத்தை விட நல்லவை. கேள்வி ஒரு செக்கனுக்குள் நடப்பதைப் பற்றியதானால், அல்லது உடைவதைப் பற்றியதானால், பயணம் போகத்தான் வேண்டும்.

எந்த விலங்கின் தட்டு

மாட்டுவால், ஆட்டு நாரி (கீழ்முதுகு), பன்றி நாரி என்று மூன்று தெரிவுகள். மனிதத் தட்டு அனுமதிகளோடும் உடற்கூற்றுத் துறையோடும் போக வேண்டிய வழி. முதல் சோதனைக்கு அதை நினைக்கவே வேண்டாம்.

எங்கள் தெரிவு மாட்டுவால். வாலின் அடிப்பக்கத்தில் உள்ள முதல் மூன்று நான்கு தட்டுகள் ஏறத்தாழ வட்டமானவை. விட்டம் 28 மில்லிமீற்றர் அளவில், உயரம் 7 மில்லிமீற்றர் அளவில் இருக்கும். வட்டமாக இருப்பதால் பரப்பளவைக் கணக்கிடுவது எளிது, சுமையை நடுவில் வைப்பதும் எளிது. கூழில் உள்ள உயிரணுக்களும் வளர்ந்த மனிதரின் தட்டில் இருப்பவற்றை ஒத்தவை. பன்றியில் கருப்பருவ உயிரணுக்கள் வளர்ந்த பிறகும் தங்கிவிடுகின்றன, கூழ் இன்னும் நீர்த்தன்மையாக இருக்கும். வாலில் உடற்பாரம் இல்லையே என்று சிலர் மறுப்புச் சொல்வார்கள். பாரம் இல்லாவிட்டாலும் தசையின் இறுக்கம் வால் தட்டை எந்நேரமும் அமுக்கியே வைத்திருக்கிறது. நான்கு கால் விலங்கின் நாரிக்கும் இதே நியாயம்தான்.

வாங்கும் இடத்தில்தான் முதற்பிழை நடக்கும். இறைச்சிக்கடைக்காரர் வாலைத் துண்டாக்கும்போது கத்தி இலகுவாக இறங்கும் இடத்தில்தான் வெட்டுவார். அந்த இடம் இடைத்தட்டேதான். கறித்துண்டுகளாக வெட்டிய வாலில் சோதிக்க ஒரு தட்டும் மிஞ்சாது. கிண்ணியா, மூதூர்ப் பக்கக் கடைகளில் முதல் நாளே சொல்லிவைத்து, தோல் உரிக்காத முழு வாலாக வாங்குங்கள். தோல் இருந்தால் ஈரம் காக்கும். போயா தினங்களில் கடை இருக்காது, நாட்காட்டியைப் பார்த்துத் திட்டமிடுங்கள். ரெஜிபோம் பெட்டியில் மீனுக்குப் போடும் ஐஸ் போட்டுக் கொண்டுவரலாம். ஆனால் ஐஸ் உருகிய தண்ணீர் தசையில் படக்கூடாது. நல்ல தண்ணீர் பட்டால் தட்டு ஊதிவிடும். வாலை இரண்டு பொலித்தீன் பைகளில் கட்டிய பிறகே ஐஸுக்குள் வையுங்கள்.

குழுவில் மாட்டிறைச்சியைத் தொட விரும்பாதவர்கள் இருப்பது இங்கே சாதாரணம். அந்த மனநிலையை மதித்து ஆட்டுக்குப் போவது முழுமையாக ஏற்கத்தக்க தெரிவு. சில சிரமங்கள் மட்டும் உண்டு. ஆட்டின் தட்டு உயரம் 4 முதல் 5 மில்லிமீற்றர்தான், அதனால் அளவீட்டுப் பிழை விகிதத்தில் பெரிதாகும். வடிவம் வட்டமில்லை. பின்புற மூட்டுகள் சுமையில் ஒரு பங்கைத் தாங்குவதால் அவற்றை மெல்லிய வாளால் அறுத்து எடுக்க வேண்டும், அறுக்கும்போது நார்வளையத்தின் பின்பக்கம் கீறுப்பட்டால் அந்த மாதிரி போயிற்று. ஒரு ஆட்டில் ஆறு அல்லது ஏழு நாரி முள்ளென்புகள் கிடைக்கும் என்பது ஒரு நன்மை.

எந்த விலங்கானாலும் இறைச்சிக்கு அறுக்கப்படுவது பெரும்பாலும் இளசு. முள்ளென்பின் வளர்ச்சித்தட்டு, அதாவது எலும்பு நீளும் குருத்தெலும்புப் படை, இன்னும் மூடியிருக்காது. உடையும்வரை அமுக்கினால் இடைத்தட்டுக்கு முன் வளர்ச்சித்தட்டே பிரியும், கிடைக்கும் எண் தட்டின் வலிமை அல்ல. குறைந்த சுமையிலும் அந்தக் குருத்தெலும்பு கொஞ்சம் நசிந்து, தட்டின் நசிவோடு கலந்துவிடும். இதைத் தவிர்க்க உயரத்தை, எலும்பைப் பதித்துப் பிடிக்கும் கிண்ணங்களுக்கு இடையில் அளக்காமல், தட்டுக்கு மிக அருகே மேல் எலும்பில் ஒன்று, கீழ் எலும்பில் ஒன்று என்று மெல்லிய ஸ்டெயின்லெஸ் ஊசி இறக்கி, அந்த இரண்டுக்கும் இடையில் அளக்க வேண்டும்.

உறைய வைக்கலாமா? 1997இல் பன்றித் தட்டில் செய்த ஆய்வொன்று, உறைய வைத்து எடுத்த பிறகு நீண்டநேரச் சுமையில் தட்டின் நடத்தை மாறுவதைக் காட்டியது. 2001இல் மனிதத் தட்டில் அப்படியான மாற்றம் தெரியவில்லை. மாட்டுவாலுக்கு எங்கள் வழி: ஒரேயொரு முறை, மறை 20 பாகையில், சேலைனில் (0.9 சதவீத உப்புநீரில்) நனைத்த துணி சுற்றிக் காற்றுப் புகாத பையில். எல்லா மாதிரியையும் ஒரே மாதிரி உறைய வையுங்கள். பாதி புதிது, பாதி உறைந்தது என்று கலந்தால் எந்த ஒப்பீடும் நிற்காது. மின்வெட்டு நீண்டு பிரிட்ஜில் பாதி உருகி மறுபடி உறைந்த மாதிரி இரண்டு முறை உறைந்ததாகவே கணக்கு. பிரிட்ஜின் உறைபெட்டியில் ஒரு சின்னப் போத்தலில் நீர் உறைய வைத்து அதன் மேல் ஒரு நாணயத்தை வையுங்கள். நாணயம் ஐஸுக்குள் தாழ்ந்திருந்தால் உங்களுக்குத் தெரியாமல் உருகி உறைந்திருக்கிறது.

எவ்வளவு சுமை

இங்கே மனித எண்களிலிருந்து தொடங்க வேண்டும். 1999இல் வில்கே என்ற ஆய்வாளரின் குழு ஒரேயொரு தன்னார்வலரின் நான்காம், ஐந்தாம் நாரி முள்ளென்புகளுக்கு இடையிலான தட்டில் உணரி இறக்கி உள்ளமுக்கத்தை அளந்தது. படுத்திருக்கும்போது 0.1 மெகாபஸ்கால், நிற்கும்போது 0.5, முதுகை வளைத்து 20 கிலோ தூக்கும்போது 2.3. படுத்துறங்கிய ஏழு மணி நேரத்தில் 0.1 இலிருந்து 0.24 ஆக ஏறியது. வெறும் நீர் திரும்பியதால் வந்த ஏற்றம் அது. சீனன்குடாவில் 50 கிலோ சீமெந்துப் பை சுமப்பவரின் தட்டை நினைத்துப் பார்த்தால் இந்தச் சோதனைகள் ஏன் இங்கே நடக்க வேண்டும் என்பது விளங்கும்.

ஆனால் 0.5 என்பது தட்டுக்குள் இருக்கும் அமுக்கம். வெளியிலிருந்து கொடுக்கும் விசையைப் பரப்பளவால் வகுத்து வரும் தகைப்பு அதுவல்ல. நல்ல தட்டில் உள்ளமுக்கம் வெளித்தகைப்பைப் போல் ஏறத்தாழ ஒன்றரை மடங்கு என்று நசெம்சன் என்ற ஆய்வாளர் 1960இல் காட்டினார், ஏனென்றால் நார்வளையம் வெளிப்பக்கத்தில் குறைவாகவே தாங்குகிறது. இதை மறந்து 0.5ஐ நேரடியாகப் பரப்பளவால் பெருக்குவது மிகப் பரவலான பிழை, சுமை ஒன்றரை மடங்காகிவிடும்.

28 மில்லிமீற்றர் விட்டத்துக்குப் பரப்பு 616 சதுர மில்லிமீற்றர். நிற்கும் பகல் நிலைக்கு 0.5ஐ 1.5ஆல் வகுத்தால் 0.33 மெகாபஸ்கால், விசை ஏறத்தாழ 205 நியூற்றன், அதாவது 21 கிலோ. படுத்திருக்கும் இரவு நிலைக்கு 0.1ஐ அப்படியே கணக்கிட்டால் 41 நியூற்றன், 4.2 கிலோ. ஒவ்வொரு தட்டின் விட்டத்தையும் இரண்டு திசையில் வேணியர் அளவியால் அளந்து அந்தந்தத் தட்டுக்குத் தனியாகக் கணக்கிடுங்கள். வால் நுனிப்பக்கம் போகப்போகத் தட்டு சிறுக்கும், ஒரே எடையை எல்லாவற்றுக்கும் வைத்தால் சிறிய தட்டு கூடுதல் தகைப்பில் நசியும்.

நெம்புகோல், காற்று உருளை, இயந்திரம்

முதலில் ஒன்றை ஒதுக்கிவிடுவோம். கட்டுமானச் சோதனைக் கூடங்களில் கொங்கிறீற்றுக் கனக்குற்றி நொறுக்கும் இயந்திரம் இருக்கும், அதைப் பாவிக்கலாமே என்ற யோசனை அடிக்கடி வருகிறது. அது 2000 கிலோநியூற்றன் அளவு இயந்திரம். எங்களுக்குத் தேவையான 205 நியூற்றன் அதன் முழு அளவில் பத்தாயிரத்தில் ஒரு பங்கு. காட்டியின் கடைசி இலக்கமே 0.1 கிலோநியூற்றனாக இருந்தால், தட்டின் பகல் சுமை முழுவதும் இரண்டு இலக்கத் துடிப்புக்குள் முடிந்துவிடும். வேண்டாம்.

நெம்புகோல் சட்டகத்தை எந்த வெல்டிங் கடையிலும் செய்யலாம். சுழலிடத்திலிருந்து தட்டுக்கு 100 மில்லிமீற்றர், எடைக்கு 500 மில்லிமீற்றர். ஐந்துக்கு ஒன்று என்பதால் 21 கிலோவுக்கு 4.2 கிலோ போதும், ஒரு ஐந்து லீற்றர் கேனில் 4.2 லீற்றர் நீர், கேனின் எடையைக் கழித்துக்கொண்டு. இரவுச் சுமைக்கு 0.84 கிலோ. நெம்புத் தண்டின் சொந்த எடையும் தட்டில் ஏறும் என்பதை மறந்துவிடாதீர்கள், மறுபக்கத்தில் எதிரெடை மாட்டி அதைப் பூச்சியமாக்குங்கள். தண்டுக்கும் மேல் கிண்ணத்துக்கும் நடுவே 10 மில்லிமீற்றர் உருக்குக் குண்டு ஒன்று வையுங்கள், இல்லாவிட்டால் தண்டு சாயும்போது தட்டைப் பக்கவாட்டில் தள்ளும். தட்டு ஒரு மில்லிமீற்றர் இறங்கினால் தண்டு அரைப் பாகையளவே சாயும், அந்தச் சாய்வால் வரும் சுமை மாற்றத்தைக் கணக்கெடுக்கத் தேவையில்லை.

சுழலிடத்தில் சாதாரண போல் பெயரிங் போட்டால் கடல்காற்றில் சில மாதத்தில் இறுகும். இறுகிய பெயரிங் 205 நியூற்றனில் எவ்வளவை விழுங்கியது என்பது உங்களுக்குத் தெரியாது. கத்திமுனைத் தாங்கி, அல்லது ஸ்டெயின்லெஸ் பெயரிங். இன்னும் நல்லது, கீழ்க் கிண்ணத்துக்கு அடியில், நீர்த்தொட்டிக்கு வெளியே, சுமையை அளக்கும் 50 கிலோ லோட் செல் (சுமை உணரி) ஒன்று. அதன் சைகையைப் பெருக்கி எண்ணாக்கும் மலிவான எச்எக்ஸ்711 பலகையோடு, ஆடுயினோ என்ற சிறு கணினிப் பலகையில் இணைத்தால் செக்கனுக்கு 10 அளவீடு வரும், மணிக்கணக்கான சோதனைக்கு அது தாராளம். நெம்பு சொல்லும் சுமையும் செல் காட்டும் சுமையும் ஒத்துப்போகாத அன்று பெயரிங்கைப் பாருங்கள்.

மின்வெட்டுக்கு நெம்புகோல் அசையாது. 16 மணி நேரச் சுமையின் பதின்மூன்றாவது மணியில் மின் போனாலும் சுமை அங்கேயே இருக்கும். பதிவுக்குத் தேவையான மின்னைக் கைப்பேசிக்குப் போடும் பவர் பாங்க் தரும். இயந்திரத்தில் இதே நேரம் மின் போனால் சுமை விழும், தட்டு ஊதத் தொடங்கும், அந்த நாள் வீண்.

காற்று உருளை நடுவழி. 32 மில்லிமீற்றர் துளை உருளை 2.5 பாரில் ஏறத்தாழ 200 நியூற்றன் தரும், நேரக் கட்டுப்பாட்டோடு வால்வு வைத்தால் பகல் இரவு தானாக மாறும், ஆளில்லாமல் ஓடும். ஆனால் இரவுச் சுமைக்கு 0.5 பார்தான் தேவை, அந்த அளவில் உருளையின் ரப்பர் வளையத்து உராய்வு விசையோடு போட்டி போடும். தண்டு ஒட்டி ஒட்டி நகரும், உயர வரைபில் படிக்கட்டுகள் தெரியும். படிக்கட்டைக் கண்டு தட்டுக்குள் ஏதோ கிழிகிறது என்று எழுதிவிடாதீர்கள். ஆறு மாதிரியை ஒன்றாக ஓட்ட வேண்டிய குழுவுக்கு மட்டும் இதைச் சொல்வோம்.

இனி பயணம் போக வேண்டிய இயந்திரம். ஒரு செக்கனுக்கு ஒரு சுழற்சி என்ற அளவில் ஏற்றி இறக்கி, வரைபில் ஏறும் கோட்டுக்கும் இறங்கும் கோட்டுக்கும் இடையில் இழந்த சக்தியை அளப்பது நெம்புகோலால் ஆகாது, கேன் ஊசலாடும். உடையும்வரை அமுக்குவதும் அப்படித்தான். முன்பதிவு செய்யும் முன் கேட்க வேண்டியவை: லோட் செல் எத்தனை கிலோநியூற்றன் (1 அல்லது 5 நல்லது, 100 என்றால் கொங்கிறீற்று இயந்திரத்தின் கதைதான்), விசைக் கட்டுப்பாட்டில் ஓடுமா அல்லது இடப்பெயர்ச்சியில் மட்டுமா, உப்புநீர்த் தொட்டியை மேசையில் வைக்க விடுவார்களா, இரவு முழுவதும் ஓட விடுவார்களா. கடைசிக் கேள்விக்குப் பொதுவில் இல்லை என்றே பதில் வரும். அதனால்தான் நீண்ட சோதனைக்குப் பொது இயந்திரம் பொருந்தாது.

அங்கே போன பிறகு நடக்கும் விபத்து ஒன்று: விசைக் கட்டுப்பாட்டின் பெருக்கங்கள், அதாவது விசை குறைந்தால் இயந்திரம் எவ்வளவு நகர்ந்து ஈடுசெய்வது என்ற அமைப்பு, உருக்குத் துண்டுக்காகச் சரிசெய்யப்பட்டிருக்கும். உருக்குக்கு மிகச் சிறு நகர்வே பெரிய விசை. தட்டு மென்மையானது, சிறிய நகர்வுக்கு விசை அதிகம் ஏறாது, அந்த அமைப்பில் இயந்திரம் மந்தமாக ஓடிக் கேட்ட உச்சத்தைத் தொடாமலே திரும்பும். அதைச் சரிப்படுத்தப் பெருக்கத்தைக் கண்மூடிக் கூட்டினால், தட்டு விறைக்கும் பகுதிக்குள் போனதும் இயந்திரம் அதிர ஆரம்பித்து மாதிரியை நசுக்கிவிடும். த்ரீவீலர் எஞ்சின் மவுண்டிங் ரப்பர் ஒன்றைக் கூடக் கொண்டுபோய், அதில் சரிசெய்த பிறகே தட்டை வையுங்கள். 2 மில்லிமீற்றர் இடப்பெயர்ச்சியில் தானாக நிற்கும் எல்லையும் போடுங்கள்.

உடைக்கும் சோதனையில் எதை எதிர்பார்க்க வேண்டும் என்பதிலும் தெளிவு வேண்டும். நேராக அமுக்கினால் முதலில் உடைவது முனைத்தட்டு, கூழ் பின்னால் பிதுங்குவதில்லை. பிதுக்கம் வேண்டுமானால் வளைத்து அமுக்க வேண்டும். 1982இல் அடம்ஸும் ஹட்டனும் மனிதத் தட்டை அளவுக்கு மீறி முன்வளைத்து அமுக்கியே அதைக் கொண்டுவந்தார்கள். 2001இல் கலகனும் மக்கிலும் பன்றிக் கழுத்தில், மிதமான சுமையோடு ஆயிரக்கணக்கான முறை வளைத்து நிமிர்த்திக் காட்டினார்கள். நேர் அமுக்க இயந்திரத்தை முன்பதிவு செய்துவிட்டு டிஸ்க் பிதுக்கத்தை ஆராய்கிறோம் என்று முன்மொழிவு எழுதுவது வீண்.

பிடிக்கும் முறை

சோதனையின் தரம் தீர்மானிக்கப்படும் இடம் கிண்ணம். இதைப் பற்றிக் கட்டுரைகளில் இரண்டு வரிதான் இருக்கும், ஆனால் வேலையில் பாதி இங்கேதான்.

தட்டிலிருந்து மேலும் கீழும் 15 மில்லிமீற்றர் எலும்பு விட்டு ஹக்சோவால் அறுத்து, தசையை முழுக்க வழித்து, எலும்பில் நான்கு ஸ்டெயின்லெஸ் திருகாணிகளைத் தலை வெளியே நிற்கும்படி இறக்குங்கள். ஈர எலும்பில் எந்த ரெசினும் ஒட்டாது, திருகாணித்தலைதான் பிடி. கிண்ணமாக 63 மில்லிமீற்றர் பீவீசீ குழாய் மூடி போதும். நிரப்ப மூன்று தெரிவுகள். பாரிஸ் சாந்து மலிவு, ஆனால் உப்புநீரில் ஊறி மென்மையாகும், அது நசிவதைத் தட்டு நசிவதாக எண்ணிவிடுவீர்கள். அதை விட்டுவிடுங்கள். வாகனத் திருத்தகத்தில் பள்ளம் நிரப்பும் பட்டி, பல முள்ளந்தண்டு ஆய்வுகூடங்கள் உண்மையிலேயே பாவிக்கும் பொருள், சீக்கிரம் இறுகும். பல்மருத்துவ அக்ரிலிக் இன்னும் கடினம், ஆனால் இறுகும்போது கொதிக்கச் சூடாகும், இரண்டு மூன்று மெல்லிய படையாக ஊற்றித் தட்டைச் சேலைன் துணியால் மூடிவைக்க வேண்டும். ஃபைபர் படகு செய்பவர்களிடம் கிடைக்கும் பொலியெஸ்டர் ரெசினும் உதவும். அதற்கும் அதே சூட்டு எச்சரிக்கை, இறுக்கியைக் குறைத்துக் கலக்குங்கள். 70 பாகையில் உருகும் ஈயம், கட்மியம் கலந்த உலோகத்தைப் பழைய நூல்கள் சொல்லும், நச்சு என்பதால் அதைத் தொட வேண்டாம்.

இரண்டு கிண்ணமும் இணையாக இருப்பது எல்லாவற்றையும் விட முக்கியம். ஒரு பாகை சாய்ந்தால் 28 மில்லிமீற்றர் அகலத்தில் ஒரு ஓரத்துக்கும் மறு ஓரத்துக்கும் 0.5 மில்லிமீற்றர் வித்தியாசம், 7 மில்லிமீற்றர் தட்டில் அது 7 சதவீதம். நீங்கள் அமுக்கவில்லை, வளைக்கிறீர்கள். முதல் கிண்ணத்தை ஊற்றி இறுகியதும், சட்டகத்திலேயே பொருத்திக் குண்டுமட்டம் வைத்து இரண்டாவதை ஊற்றுங்கள்.

ஆனால் கிண்ணத்தில் பதித்தால் எலும்பின் வெட்டுமுகம் ரெசினால் அடைபடுகிறது. நீர் முனைத்தட்டு வழியே போகும் பாதையில் ஒரு பங்கு மூடிவிட்டது. உங்கள் கேள்வியே முனைத்தட்டு வழியான நீரோட்டம் என்றால் இந்த முறை தவறு. அப்போது எலும்பை ஒன்றிரண்டு மில்லிமீற்றருக்கு வெட்டி, இரத்தக்கட்டியைச் சேலைன் பீச்சிக் கழுவி, துளையிட்ட ஸ்டெயின்லெஸ் தகட்டுக்கும் வடிதாளுக்கும் நடுவில் வைத்து அமுக்க வேண்டும். மட்டமாக வெட்டுவது கடினம், மாதிரி வழுக்கும், இரண்டில் ஒன்று வீணாகும். மற்றக் கேள்விகளுக்குக் கிண்ணம்.

நீர்த்தொட்டி

ஈரத்துணி சுற்றி மேசையில் வைப்பதா, தொட்டியில் மூழ்கடிப்பதா? ஒரு மணிநேரத்துக்குள் முடியும் இயந்திரச் சோதனைக்கு ஈரத்துணி போதும், பத்து நிமிடத்துக்கு ஒருமுறை தெளியுங்கள். நீண்ட சோதனைக்குத் தொட்டி தவிர வழியில்லை. திரும்ப உறிஞ்ச நீர் வேண்டுமே.

0.9 சதவீத உப்புநீர், லீற்றருக்கு 9 கிராம் ஆய்வுகூட சோடியம் குளோரைட்டு, காய்ச்சி வடித்த நீரில். பொஸ்பேற்றுத் தாங்கலோடு கலந்து பிஎச் 7.4இல் வைப்பது இன்னும் நல்லது. கடல் பக்கத்திலேயே இருக்கிறதே என்று கடல்நீரை எண்ண வேண்டாம். அதில் உப்பு ஏறத்தாழ 3.5 சதவீதம், சுமை வைக்காமலே தட்டிலிருந்து நீரை இழுத்துவிடும். மறுபக்கம், சரியான சேலைனில்கூடச் சுமையில்லாமல் கிடந்தால் தட்டு உயிருள்ள உடலில் ஒருபோதும் இல்லாத அளவுக்கு ஊதும். தொட்டியில் இறக்கும் முன்பே இரவுச் சுமை மேலே இருக்க வேண்டும்.

வெப்பநிலை 37 பாகை. அக்குவாரியத்துக்கு விற்கும் ஹீட்டர்கள் பல 34 பாகையைத் தாண்டாது, வாங்கும் முன் பாருங்கள். முடியாவிட்டால் 30 பாகையில் செய்து அப்படியே அறிக்கையில் எழுதலாம். ஆனால் 30இல் நீரின் பிசுக்குமை 0.80 மில்லிபஸ்கால் செக்கன், 37இல் 0.69, கசிவு வேகம் அதே விகிதத்தில் மாறும். நிலாவெளி வெயிலில் மதியம் 33, மழைக்கால இரவில் 26 என்று அறையோடு தொட்டியும் ஏறி இறங்கினால் உங்கள் வரைபில் நாள் வெப்பநிலையைப் பார்ப்பீர்கள், தட்டை அல்ல. இரண்டு லீற்றர் தொட்டியில் ஒரு இரவுக்குள் நீர் ஆவியாகி உப்பு செறியும். மூடி போட்டு, மட்டத்தைக் கோடு கீறி, குறைந்ததற்குக் காய்ச்சி வடித்த நீரையே ஊற்றுங்கள், சேலைனை அல்ல.

37 பாகை நுண்ணுயிருக்கும் பிடித்த வெப்பநிலை. ஒரு நாளுக்கு மேல் போகும் சோதனைக்குப் பெனிசிலின், ஸ்ரெப்டோமைசின் சேர்க்க வேண்டும். தொட்டி கலங்கினால், மணத்தால், அந்த மாதிரியின் மிச்ச அளவீட்டை எறியுங்கள். தட்டை உயிரோடு வளர்க்கும் முறையும் உண்டு, சுவிற்சர்லாந்தின் டாவோஸ் ஆய்வு நிலையம் மாட்டுவால் தட்டுகளை அப்படி வாரக்கணக்கில் சுமையோடு வைத்திருக்கிறது. அதற்குக் காபனீரொட்சைட்டு அறை, கிருமியற்ற சூழல் எல்லாம் தேவை. வளாக அளவில் இப்போது முயல வேண்டாம்.

ஒரு நாள் எப்படி ஓடும்

உறைந்த மாதிரியைப் பையோடு பிரிட்ஜின் கீழ் அடுக்கில் இரவு முழுவதும் உருக விடுங்கள். சட்டகத்தில் முதலில் தட்டுக்குப் பதிலாக உருக்குக் கட்டி ஒன்றை வைத்து 21 கிலோ ஏற்றி, நகர்வை அளக்கும் டயல் கேஜைப் பாருங்கள். உடனடியாக வரும் 0.05 மில்லிமீற்றர் போன்ற அசைவு சட்டகத்துடையது, கழித்துக்கொள்ளலாம். ஒரு மணி நேரத்திலும் அது கூடிக்கொண்டே போனால் ஏதோ ஒரு திருகு நழுவுகிறது, தொடங்காதீர்கள். பிறகு தட்டை வைத்து இரவுச் சுமையில் எட்டு முதல் பன்னிரண்டு மணி நேரம், அதன்பின் பகல் சுமையில் பதினாறு, மறுபடி இரவில் எட்டு.

டயல் கேஜ் 0.01 மில்லிமீற்றர் காட்டினால் போதும். முதல் பத்து நிமிடம் பத்து செக்கனுக்கு ஒருமுறை, பிறகு ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை. கைப்பேசியை டயலுக்கு முன்னால் நிறுத்தி நேர இடைவெளிப் படம் எடுக்க விட்டால் யாரும் விழித்திருக்கத் தேவையில்லை.

எட்டு மணி நேர ஓய்வில் தட்டு முழு உயரத்துக்குத் திரும்பாது. பதறாதீர்கள், சாதனம் பழுதில்லை. நீரை வெளியே தள்ளுவது பெரிய சுமை, உள்ளே இழுப்பது சிறிய வீக்க அமுக்கம். அதோடு இறந்த எலும்பின் நாளங்களில் இரத்தம் உறைந்து பாதை அடைபட்டிருக்கும். ஆகவே முதல் நாளையும் இரண்டாம் நாளையும் நேரடியாக ஒப்பிடாமல், எல்லா மாதிரியிலும் ஒரே வரிசையில் வரும் நாளை ஒப்பிடுங்கள். இரண்டு மணி நேரத்தில் நிறுத்திவிட்டு, வளைகோட்டை நீட்டி இறுதி உயரத்தைக் கணிக்கும் பழக்கமும் ஆபத்தானது. அந்நேரத்தில் வளைகோடு இன்னும் சரிந்துகொண்டுதான் இருக்கும், எந்தச் சமன்பாட்டைப் பொருத்துகிறீர்களோ அதற்கேற்ற இறுதி உயரம் வரும்.

சிகிச்சை பெற்றது, பெறாதது என்று ஒப்பிடும் திட்டமானால் ஒரே வாலின் அடுத்தடுத்த தட்டுகளைச் சோடியாக்குங்கள். ஒரு வாலில் மேல் தட்டு சிகிச்சைக்கு என்றால் அடுத்த வாலில் கீழ்த் தட்டு. எப்போதும் மேலதையே சிகிச்சைக்கு எடுத்தால், அளவு வித்தியாசத்தைச் சிகிச்சையின் பலன் என்று எழுத நேரிடும்.

முடிவில் தட்டை வெட்டி எடுத்து, கூழையும் வளையத்தையும் பிரித்து, தனித்தனியாக நிறுத்து, 60 பாகைச் சூட்டடுப்பில் எடை மாறாமல் வரும்வரை உலர்த்தி மறுபடி நிறுங்கள். பிரிப்பதும் நிறுப்பதும் சில நிமிடத்தில் முடிய வேண்டும், கோடைக்காற்றில் கூழ் பார்த்திருக்கவே உலரும். டயல் காட்டிய உயர இழப்பும் நிறை காட்டும் நீர் இழப்பும் ஒரே பக்கம் பேசினால் அளவீட்டை நம்பலாம். பேசாவிட்டால் முதலில் சந்தேகிக்க வேண்டியது கிண்ணத்தின் பட்டி, அடுத்தது ஊசி. எலும்புத்தூள் பறக்கும் அறுப்பு வேலையைக் கையுறையும் முகமூடியும் போட்டு நனைத்தபடியே செய்யுங்கள், மிச்சத்தை ஆழப் புதையுங்கள், நாய் தோண்டும் ஆழத்தில் அல்ல.